உப்பேறிய எருக்கங்கரி

கரிக்கிடங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் குடிசைக்கு வந்து, "நாட்டுல எந்தெந்தப் பக்கம் இன்னா கரி கெடைக்குதுனு சொல்லுங்க, மனப்பாடம் பண்ணிக்கிறோம்" என்று கேட்டீர்கள். அன்று எனக்குப் பல்வலி. வாயைத் திறக்காமல் அனுப்பிவிட்டேன். இப்போது அந்தப் பல்லே விழுந்துவிட்டது. கரியைக் கடித்துப் பார்க்கும் வேலைக்கு இனி நான் ஆகமாட்டேன். கை எழுதும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்டூரில் நெல் விளைவிக்கும் வீட்டில் பிறந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வரைக்கும் இருந்தேன். கணக்கு தொடங்கிய வாரம் ஊர் வழியாகப் போன உப்புப் பொதிமாடுகளின் பின்னால் போய்விட்டேன். அதற்குப் பிறகு இருபது வருஷம் ஒரே ஊரில் இரண்டு மழைக்காலம் இருந்ததில்லை. மாடு ஓட்டினேன், மரம் வெட்டினேன், கரிச் சூளை மூட்டினேன். இரண்டு தடவை காய்ச்சலில் வழியோரம் கிடந்தேன். யாரோ கஞ்சி ஊற்றினார்கள், எழுந்து நடந்தேன். நான் கற்றது அப்படி நடந்த வழியில் கற்றதுதான்.

சரி, கேட்டதற்குப் பதில். காளத்தி மலைப்பக்கம் கெட்டி மரங்கள். அந்தக் கரி கனமாக இருக்கும், நின்று எரியும், கொல்லன் உலைக்கு ஏற்றது. நம் சமவெளியில் வேல மரம், அதுவும் உலைக்கே. தென்னை இருக்கிற இடமெல்லாம் கொட்டாங்கச்சிக் கரி, அதைத் தட்டார்கள் விடமாட்டார்கள். செஞ்சிப் பக்கத்துப் புன்செய்க் காட்டில் துவரஞ்செடியின் காய்ந்த தண்டு. சத்தியவேட்டுக் காட்டோரம் எருக்கு. இந்த இரண்டும் லேசான கரி, விரலால் நசுக்கினாலே மாவாகும்.

கல்கரி என்று ஒன்று உண்டு. கோதாவரிக் கரையில் பத்ராசலம் தாண்டி ஓர் ஓடைப் படுகையில் பார்த்திருக்கிறேன். கறுப்புப் பாறை, உடைத்தால் பளபளக்கும். ஆட்டுக்காரர்கள் அதை மூட்டிக் குளிர்காய்ந்தார்கள்; தார் நாற்றம் தலையைச் சுற்றியது. மலையாளக் கடற்கரையில், கொல்லத்துக்குத் தெற்கே, செங்குன்றுகளின் அடியில் இன்னொரு வகை. பழுப்பு நிறம். நகத்தால் கீறினால் மரத்தின் வரி தெரியும். மரமாகவும் இல்லை, கல்லாகவும் ஆகவில்லை. ஈரம் போக வெயிலில் போட்டால் தூள்தூளாக உதிரும். வங்காளத்தில் தாமோதர் ஆற்றுப் பக்கம் கல்கரி குவியல் குவியலாக இருக்கிறதென்று கப்பல்காரர்கள் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காததை மனப்பாடம் பண்ணாதீர்கள்.

நம் கோட்டையில் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரர்களான உலாந்தாக்காரர்கள் வெடிமருந்து செய்கிறார்கள். மருந்துக்குக் கல்கரி ஆகாது. கெட்டி மரக்கரியும் ஆகாது. எருக்கு, துவரை போன்ற லேசான கரிதான் வேண்டும். எந்தக் கரி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது இந்த வேலையில் பாதி. அந்தக் கரி அங்கிருந்து இங்கே வந்து சேருவதற்குள் அதற்கு என்னென்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்வது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில் நான் சறுக்கிய கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்தேன்.

கரியை எப்படிப் பார்ப்பது என்று உங்களுக்கு ஏற்கெனவே காட்டியிருப்பார்கள். தட்டினால் ஓசை வரவேண்டும். கடித்தால் பல்லில் மாவாகவேண்டும். நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளவேண்டும். கசந்தால் சரியாக வேகவில்லை. உப்புக் கரித்தால் அந்த மூட்டையைத் தொடாதே. உப்பு இருக்கும் மருந்து காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். தீ வைத்தால் வெடிக்காது, சீறும். அதனால் கரி பார்க்கிறவன் வேலை முடியும்வரை உப்பில்லாத கூழ்தான் குடிக்கவேண்டும். மீன்பிடிக்கிற ஊரில் இது சின்ன விரதமில்லை. காலையில் எந்த வீட்டு வாசலைக் கடந்தாலும் கருவாடு சுடுகிற வாசனை. "கரி நக்கிக்கு இன்னிக்கும் சப்புக் கூழா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொண்டு போய்விடுவேன்.

அது மாசி மாதம். நம் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. கீழைக் கடல் தீவுகளுக்குப் போகிற கப்பல். அதில் ஏற்றவேண்டிய மருந்துப் பீப்பாய்களில் ஒன்பது பீப்பாய் குறைந்தது. கிடங்கில் கரி தீர்ந்திருந்தது. சத்தியவேட்டிலிருந்து இருபது மூட்டை எருக்கங்கரி மாட்டுப் பொதியில் வந்து ஏரியின் மேற்குக் கரையில் கிடந்தது. அதைக் கொண்டுவரத் தோணி வேண்டும்.

இந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த நாளில் வலை போட முடியாது. ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு உள்ள நாளில் தோணி மீனுக்கு. பாடு இல்லாத நாட்களில் தோணியைக் கரையேற்றி, கழுவி, வெயிலில் காயப்போட்டு, அதன் பிறகே கரி ஏற்றுவது வழக்கம். நான் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

கோட்டைக்குப்பத்துக் கோவிந்தன்தான் வழக்கமாகக் கரி ஏற்றிவருவான். அன்று அவனுக்குப் பாடு.

"இன்னிக்கி உட்டா அடுத்த முறை வர ஏழு நாளு ஆவும் ணா" என்றான். "விடிகாலைல வலைய வாரிட்டு அப்படியே மேக்கால வந்துர்றேன். மூட்டைய ஏத்திக்கினு வந்துடலாம்."

"தோணி ஈரமா இருக்குமே."

"அடில பனை ஓல போட்டுக்கலாம். ஒரு சொட்டு படாது. கப்பக்காரன் பேஜாரு பண்றான்னு நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன். அதனால் சரி என்றேன்.

அவன் சொன்னபடியே கீழே ஓலை போட்டான். கீழிருந்து ஈரம் ஏறவில்லை. ஏரியின் நடுவில் கடற்காற்று எழுந்தது. எருக்கங்கரி மூட்டை பஞ்சு மூட்டை மாதிரி. மேலே இருந்த ஒன்று உருண்டு தண்ணீருக்குள் போகப் பார்த்தது, காலால் தடுத்தேன். கோவிந்தன் தோணி தள்ளுகிற கோலை என்னிடம் கொடுத்துவிட்டு, முன்பக்கம் குவித்திருந்த வலையை இழுத்து மூட்டைகளின் மேல் போர்த்திவிட்டான். காற்றில் பறக்கிற எதையும் வலை போட்டு அடக்குவது அவர்கள் கைக்குத் தானாக வருகிற வேலை.

"எப்டி? ஆடுதா பாரு."

"மூளக்காரன்யா நீ" என்றேன்.

அப்போதுதான் ஏரியிலிருந்து வாரிய வலை அது. சொட்டிக்கொண்டிருந்தது. மழை முடிந்து இரண்டு மாதமாகிவிட்டால் இந்த ஏரித் தண்ணீர் உப்பில் கடலுக்கு இளைத்ததில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. மூட்டை பறக்கவில்லை என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் கண்ணில் பட்டது.

கரைக்கு வந்ததும் மூட்டைகளை மணலில் பரப்பிக் காயவைத்தோம். கோவிந்தன் கருவாடு சுட்டான். விடிந்ததிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. ஒரு துண்டுதானே என்று எடுத்தேன். பிறகு இன்னொன்று. சாயங்காலத்துக்குள் சாக்குகள் மொடமொடவென்று காய்ந்திருந்தன. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு துண்டு எடுத்து நாக்கில் வைத்தேன். ஒட்டியது. கசப்பில்லை. உப்பும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? வாயெல்லாம் கருவாடு. "சரி, அரைங்க" என்று கிடங்குக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

பிள்ளைகளே, வெயில் தண்ணீரைத்தான் எடுத்துப் போகும். தண்ணீர் கொண்டுவந்ததை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். இது உப்பளத்தில் வேலை செய்கிற யாருக்கும் தெரியும். உப்புப் பொதியின் பின்னால் நடந்து வளர்ந்தவன் நான்.

நாலு நாள் கழித்துக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் பீரங்கிக்காரன் மருந்தைச் சோதித்தான். அதற்கென்று ஒரு குட்டிப் பீரங்கி வைத்திருந்தார்கள். குண்டு கொத்தளத்தைத் தாண்டி விழவேண்டும். அந்த ஒன்பது பீப்பாயில் முதலில் திறந்ததிலிருந்து ஒரு கை எடுத்துப் போட்டான். மருந்து ஈரச் சாம்பல் மாதிரி கட்டி கட்டியாக இருந்தது. தீ வைத்தான். புகை வந்தது. குண்டு வெளியே வந்து நாலடி தள்ளி விழுந்து உருண்டது.

மருந்துச் சாலைக்கு ஒரு துரை இருந்தார். மெலிந்த மனிதர், எப்போதும் இருமிக்கொண்டிருப்பார். அவருக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: உப்பு. மருந்தில் உப்பு வந்தால் வழக்கமாக வருகிற வழியும் ஒன்றுதான். மருந்தில் சேர்க்கிற வெடியுப்பு மண்ணிலிருந்து எடுக்கும்போது அதில் சோற்றுப்பும் கலந்தே இருக்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சித்தான் பிரிக்கவேண்டும். அந்தக் காய்ச்சும் கொட்டகைக்குப் பொறுப்பு எல்லம்மா. கோட்டைக்குப்பத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். புருஷன் கடலில் போன பிறகு கொப்பரை அடியில் உட்கார்ந்தவள். கோவிந்தனின் அக்கா.

சேவகர்கள் போய் அவளைக் கொப்பரை அருகிலிருந்தே கையைக் கட்டி இழுத்துவந்து கோட்டைக்குள் அடைத்தார்கள். மருந்தைக் கெடுத்தவர்களை என்ன செய்வார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியே நிற்கிற கப்பலில் அடிமையாக ஏற்றுவார்கள். அந்தக் கப்பலில் போன நம்மூர்க்காரர் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

செய்தி கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. மறைக்காமல் சொல்கிறேன். தப்பு கொப்பரையில், கிடங்கில் இல்லை. போய் உட்கார்ந்து கூழ் குடித்தேன். உப்பில்லாத கூழ். அரைக்காமல் மிச்சமிருந்த ஆறு மூட்டைகளைப் பழக்கத்தில் ஒரு முறை பார்க்கப் போனேன். ஒரு துண்டை நாக்கில் வைத்தேன்.

ஏரியையே நக்கினதுபோல் இருந்தது.

வாயை நல்ல தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அடுத்த மூட்டையைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். ஆறும் அப்படித்தான்.

எந்த ஊரில் சிக்கல் வந்தாலும் கிளம்பிவிடுவது என் வழக்கம். இரண்டு வேட்டி, ஒரு செம்பு, ஒரு கத்தி. மூட்டை கட்ட நேரமே ஆகாது. கட்டிவிட்டேன். போவதற்கு முன்னால் இந்த ஆறு மூட்டையையும் ஏரியில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. யாரும் இல்லை. சேவகர்களெல்லாம் கோட்டைக்குள் இருந்தார்கள். ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் வரைக்கும் போனேன். லேசான மூட்டை, வீசினால் போய்விடும்.

அங்கே நின்றபோதுதான் ஒன்று புரிந்தது. எல்லம்மா உப்பைச் சரியாகத்தான் பிரித்திருக்கிறாள் என்று சொல்வதற்கு இந்த உலகத்தில் இந்த ஆறு சாக்கைத் தவிர வேறு சாட்சி இல்லை. இதைத் தண்ணீரில் போட்டால் நான் ஊரைவிட்டுப் போவது மட்டுமில்லை. அவளைக் கப்பலில் ஏற்றிவிடுவதும் என் கைதான்.

இதை அறிந்ததும் நான் நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மூட்டை தோளிலேயே இருந்தது. அந்தச் சமயம் கோவிந்தன் கரையோரமாக ஓடிவந்தான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"யோவ் அண்ணா, எங்க தூக்கினு போற இத்த?"

"கோட்டைக்கு" என்றேன்.

வாய்தான் சொன்னது. நான் அதற்குப் பிறகுதான் முடிவு செய்தேன். சில சமயம் அப்படித்தான் நடக்கிறது. யாராவது நேருக்கு நேராக ஒரு கேள்வி கேட்டால் நல்லது.

மிச்ச மூட்டைகளையும் ஆளுக்குக் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டோம். வழியில் அவனிடம் சொன்னேன். அவன் நடுப்பாதையில் நின்றுவிட்டான்.

"அப்போ என் வலைதானா? எங்க அக்காள நானே கட்டி அனுப்பறனா?"

"வலை உன்னுது. நாக்கு என்னுது. வலை ஈரமாத்தான் இருக்கும், அதுக்கோசரம்தான் என் நாக்க வெச்சிருக்காங்க. உள்ள போனதும் வலைனு ஒரு வார்த்த எடுக்காத."

"உன்னியும் ஏத்திடுவானுங்களே ணா."

"ஏத்தினா ஏத்தட்டும். நா பாக்காத ஊரு அது ஒண்ணுதான்."

தைரியத்தில் சொல்லவில்லை. அவன் அழுவதை நிறுத்தவேண்டும் என்று சொன்னேன்.

கோட்டை வாசலில் துபாஷி நின்றிருந்தார். துரைக்கும் எங்களுக்கும் நடுவில் பேசுகிறவர், பொன்னேரிப் பக்கத்துக்காரர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"யோவ், ஒனக்கு மெய்யாலுமே புத்தி கீதா? ஒருத்தி போறா. இன்னொருத்தன் ஏன் போவணும்? வந்த வழியே போய்டு. நா ஒன்னும் கேக்கல."

"நீங்க கேட்டுட்டீங்களே சாமி."

அவர் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "துரை ஏற்கெனவே கொதிச்சிக்கினு கீறாரு. போய் அழுதின்னா ரெண்டு பேரும் காலி. இன்னா சொல்லப் போற?"

இந்த இடத்தைக் கவனியுங்கள். நடந்த வழியெல்லாம் நான் யோசித்தது இதைத்தான். பாவம், விதவை, தெரியாமல் நடந்தது என்று போனால் அந்த மனிதர் காதில் ஏறாது. அவருக்கும் ஒரு பயம் இருக்கும். அது என்ன என்று பார்க்கவேண்டும். அவர் பயம் பீப்பாய்கள்.

"இப்டிச் சொல்லுங்க" என்றேன். "உப்பு கொப்பரைல இருந்து வந்துச்சின்னா, இந்த வருசம் அந்தக் கொப்பரைல காய்ச்சின மருந்து அத்தனையும் கெட்டது. கப்பல்ல ஏத்தினதெல்லாம் எறக்கணும். என் கரில இருந்து வந்துச்சின்னா ஒம்பது பீப்பாதான் கெட்டது. எதுனு பாத்துட்டு அப்பால முடிவு பண்ணட்டும். ஒரு அடுப்பு, ஒரு சட்டி, நல்ல தண்ணி. எல்லம்மா கைய அவுத்து உடணும். அவ்ளோதான்."

துபாஷியின் முகம் மாறியது. "இத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா" என்று உள்ளே போனார்.

துரை வந்தார். என்னைத் திட்டினாரா என்று தெரியாது, அவர் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் அடுப்பு வந்தது. எல்லம்மாவும் வந்தாள். மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு. என்னையும் மூட்டையையும் பார்த்தாள். அவள் இந்த வேலையில் ஊறியவள், யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"உன் கரியா?"

"ஆமா."

"தூ" என்று துப்பினாள். பிறகு என் கையிலிருந்த சட்டியைப் பிடுங்கினாள். "இத்தினித் தண்ணி ஊத்தினா எப்பக் காய்றது? நவுரு."

கரியைப் பொடித்து நல்ல தண்ணீரில் கொதிக்கவைத்தாள். துணியில் வடிகட்டினாள். வடிந்த தண்ணீரைத் திரும்பவும் அடுப்பில் வைத்து வற்றவிட்டாள். கோவிந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர் வற்ற வற்றச் சட்டியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம் கட்டியது. துரை குனிந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"எல்லாக் கரியிலும் இப்டித்தான் ஏதாச்சும் நிக்கும்ன்றாரு" என்றார் துபாஷி. "பழைய வரவுக் கரியும் காய்ச்சிக் காட்டணுமாம்."

சரியான கேள்வி. அந்த மனிதரை அதற்குப் பிறகு எனக்குப் பிடித்துப்போனது. கிடங்கின் மூலையைக் கூட்டி ஒரு படி பழைய கரி கொண்டுவந்தார்கள். எல்லம்மா அதையும் அதேபோல் காய்ச்சினாள். அந்தச் சட்டியில் சாம்பல் பூத்ததுபோல் லேசாக ஒரு படலம்தான் நின்றது.

"இப்போ தணலு" என்றாள்.

ஒரு ஓட்டில் தணல் வந்தது. அவள் கொட்டகையிலிருந்து எடுத்துவந்த வெடியுப்பை முதலில் ஒரு சிட்டிகை தூவினாள். சத்தமில்லாமல், உஸ் என்று வெளிச்சமாக எரிந்து அடங்கியது. சோற்றுப்பு கலந்திருந்தால் அப்படி அடங்காது. பிறகு என் கரியிலிருந்து வந்த வெள்ளையைச் சுரண்டிப் போட்டாள். படபடவென்று பொரிந்தது. குனிந்து பார்த்த துரையின் மீசையில் ஓர் உப்புப் பரல் தெறித்தது. அவர் துள்ளிக் குதித்தார். யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. எல்லம்மா மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"சொல்லுங்கய்யா தொரை கிட்ட. என்னுது பேசாது. இவனுது பேசுது."

துபாஷி அதை எப்படி மாற்றிச் சொன்னாரோ தெரியாது. துரை மீசையைத் தடவிக்கொண்டே பீரங்கிக்காரனை அழைத்தார். மற்றப் பீப்பாய்களில் ஐந்தைத் திறந்து சோதித்தார்கள். ஐந்து தடவையும் குண்டு கொத்தளத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் துரையின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியதைப் பார்த்தேன். ஐந்தாவது சத்தத்துக்குப் பிறகு அவர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த வருஷத்து மருந்து மொத்தமும் கெட்டுவிட்டது என்று கடல் தாண்டி எழுதவேண்டிய ஆள் அவர். காலையிலிருந்து அதைத்தான் அவரும் சுமந்துகொண்டிருந்தார்.

நம் வேலையில் தப்பு நடந்தால் அதைச் சொல்பவன் தன்னைக் காட்டிக்கொடுப்பதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அது இருக்கட்டும். தப்பு இங்கே இருக்கிறது என்று ஒருவன் விரலை வைக்கும்வரை அது எல்லா இடத்திலும் இருக்கிற மாதிரிதான். விரல் வைத்த பிறகுதான் மற்ற இடமெல்லாம் சுத்தம் என்று தெரியும். அன்று துரைக்கு நான் கொடுத்தது ஒன்பது கெட்ட பீப்பாய் இல்லை. மிச்சம் அத்தனை நல்ல பீப்பாய்.

எனக்குப் பன்னிரண்டு பிரம்படி. கப்பல் இல்லை. அடித்தவன் தெரிந்தவன், ஆனாலும் குறைக்கவில்லை. ஒரு மாதம் குப்புறப் படுத்தேன். எழுந்ததும் திரும்பவும் கிடங்கு வேலைக்கே வைத்துக்கொண்டார்கள். இனி இவன் கருவாடு தின்னமாட்டான் என்று துரை சொன்னதாகத் துபாஷி சொன்னார். கோவிந்தனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வலை என்ற பேச்சே எழவில்லை. அதற்கப்புறம் ஈரத் தோணியில் கரி ஏறியதுமில்லை.

பிரம்படிக்கு முன்னால் நடந்ததை இன்னும் சொல்லவில்லை.

எல்லம்மாவைப் போகலாம் என்றுவிட்டார்கள். அவள் நகரவில்லை.

"எம்பேரு எழுதினாங்களே, கப்பக் காயிதத்துல. அத்த அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு, போ" என்றார் துபாஷி.

"காட்டுங்க."

அவர் சலித்துக்கொண்டே காகிதத்தை எடுத்துவந்தார். கப்பலில் ஏற்றவேண்டிய ஆட்களின் பெயர் எழுதிய நீளமான காகிதம். வரிசையாக எழுத்து, ஒரு வரியின் மேல் மட்டும் மையால் ஒரு கோடு. அவள் என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவன்தானே. இது எம்பேருதானா?"

அது உலாந்தா எழுத்து. தமிழ் எழுத்தே எனக்கு அப்போது பாதிதான் வரும். ஏதோ ஒரு வரியை அடித்திருக்கிறார்கள். அது அவளுடையதுதான் என்று நான் எப்படிச் சொல்வது? நாலு நாளுக்கு முன்னால் கரியைத் தெரியாமலே சரி என்று சொன்னவனைப்போல் இன்னொரு தடவை ஆகக்கூடாது.

"எனக்குத் தெரியல" என்றேன். "சாமி, அடிக்காத பேரையெல்லாம் சத்தமாப் படிங்க. அதுல இவ பேரு வரலன்னா போதும்."

துபாஷி படித்தார். ஒவ்வொரு பெயர் வரும்போதும் எல்லம்மா ஒரு விரலை மடக்கினாள். இரண்டு கையும் மடங்கித் திரும்பவும் ஒரு கை மடங்கியது. அவள் பெயர் வரவில்லை. துபாஷி காகிதத்தைச் சுருட்டினார்.

"இன்னொரு தபா" என்றாள் அவள்.

"ஏம்மா, காது கேக்கலியா?"

"கேட்டுச்சி. இன்னொரு தபா."

அவர் திரும்பப் படித்தார். முதல் தடவை எங்கள் காது அவள் பெயருக்காக மட்டும் காத்திருந்தது. இரண்டாவது தடவைதான் மற்றப் பெயர்கள் கேட்டன. இரண்டு பெயர் ஆந்திரப் பக்கத்துப் பெண்களுடையது. ஒன்று நான் பிறந்த காட்டூர்ப் பக்கத்துப் பெயர். படித்து முடிக்கும்வரை அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

பிறகு கோட்டை வாசலைத் தாண்டிக் கரைக்கு வந்தோம். எல்லம்மா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோவிந்தன் பக்கத்தில் உட்கார்ந்து தேம்ப ஆரம்பித்தான்.

"இன்னாத்துக்குடா இப்ப அழுவுற? நா இங்கதான கீறேன்" என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "எழுந்து தோணியத் தள்ளு. ஊட்ல ஒல வெச்சி ஒரு நாளாச்சி."

அவன் தோணியைத் தள்ளினான். அவள் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஏரித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, யாரிடமும் இல்லாமல், நீளமாக ஓர் "அப்பாடா" சொன்னாள்.